உயரத்தைச் சுமையாகப் படித்த வால்வு: ஆஸ்திரேலிய ஃபோர் வீல் டிரைவ்களின் பின் பிரேக் வரலாறு

காலி வண்டிக்கும் சுமை ஏற்றிய வண்டிக்கும் பின் சக்கரங்களில் தேவைப்படும் பிரேக் வலிமை ஒன்றல்ல. பிரேக் பிடித்ததும் பின் அச்சின் மீதுள்ள எடையில் ஒரு பகுதி முன் அச்சுக்கு மாறுகிறது. பின்னால் சுமை இல்லாதபோது அங்கே மிஞ்சும் எடை சொற்பம். அந்நிலையில் பின் பிரேக் ஓங்கியிருந்தால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு சறுக்கும். சறுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு கிடையாது என்பதால் வண்டி சுழன்று திரும்பிவிடும். முன் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. ஆனாலும் வண்டி பெரும்பாலும் நேராகவே போகும். இரண்டு கேடுகளில் சிறியது இது. ஆகவே பின் பிரேக்கை முன் பிரேக்கைவிட அடக்கியே வைப்பது வண்டி வடிவமைப்பின் அடிப்படைப் பாடமாயிற்று. ஆனால் காலி வண்டிக்கு ஏற்ப அடக்கிய பின் பிரேக், ஒரு டன் சுமை ஏறியதும் போதாமல் போகிறது.

சுமைக்குத் தக்கபடி பின் பிரேக்கைக் கூட்டியும் குறைத்தும் தரும் வழி ஒன்றைத் தொழிற்சாலைகள் கண்டன. பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சுமையை அறியும் வால்வு அது. ஆஸ்திரேலியாவில் தொலைதூரப் பயணத்துக்காக ஃபோர் வீல் டிரைவ்களை உயர்த்திக் கட்டும் பழக்கம் வேரூன்றியபோது, அந்த வால்வு நம்பியிருந்த கணக்கே தவறிப்போனது.

ஸ்னோயி மலையிலிருந்து பாலைவனத் தடங்களுக்கு

1949இல் தொடங்கி 1974இல் முடிந்த ஸ்னோயி மலை நீர்மின் திட்டம் ஆஸ்திரேலியாவில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குப் பெரிய பயிற்சிக்களமாக அமைந்தது. செங்குத்தான மலைத் தடங்களில் ஆளையும் கருவியையும் கொண்டுபோக முதலில் லேண்ட் ரோவர்கள் வந்தன. 1950களின் இறுதியில், திட்டத்தின் ஒப்பந்தக்காரர்களில் ஒருவரான லெஸ்லி தீஸ், டொயோட்டா லேண்ட் க்ரூஸர்களை ஜப்பானிலிருந்து வரவழைத்தார். ஆஸ்திரேலியாவில் டொயோட்டா காலூன்றியது அந்த வண்டிகளைக் கொண்டுதான்.

அக்காலத்து வண்டிகளின் பிரேக் எளிமையானது. நான்கு சக்கரங்களிலும் டிரம், ஒரே மாஸ்டர் சிலிண்டர், எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தம். முன்னுக்கும் பின்னுக்கும் வேறுபாடு தேவைப்பட்டால் சக்கர சிலிண்டரின் விட்டத்திலோ டிரம்மின் அளவிலோதான் அதைச் செய்ய முடியும். தொழிற்சாலையில் ஒருமுறை வைத்த விகிதம் பிறகு மாறாது. இந்தக் குறை அன்று பெரிதாகத் தெரியாததற்குக் காரணங்கள் இருந்தன. மண் தடத்தில் வேகம் குறைவு. தடித்த லீஃப் ஸ்பிரிங்குகள் சுமை ஏறினாலும் அதிகம் தாழவில்லை. ஆறு கடந்து ஈரமான டிரம்கள் நான்குமே பிடிப்பை இழந்ததால், முன்பின் விகிதத்தைப் பற்றி ஓட்டுநர் கவலைப்பட வேண்டிய நேரம் குறைவாகவே இருந்தது.

இன்னொரு காரணம் நுட்பமானது. சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியாக ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. பின் பிரேக் குறைந்தாலும், முன் பிரேக்கின் பிடிப்பில் ஒரு பங்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரங்களைச் சென்றடையும். தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சினின் இழுப்பும் நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுகிறது. எனவே தடத்தில் ஒழுங்காக நின்ற வண்டி, தார்ச்சாலைக்கு வந்து டூ வீல் டிரைவுக்கு மாறிய பிறகே குறையைக் காட்டும். பின் பிரேக்கின் சிக்கல் காட்டுத்தடத்தைவிட நெடுஞ்சாலையில் அதிகம் பேசப்பட்டதற்கு இதுவே விளக்கம்.

சுமையை அறியும் பிரேக்

சுமைக்கேற்ப பின் பிரேக்கை மாற்றும் எண்ணம் ஐரோப்பாவில் முன்பே செயலுக்கு வந்திருந்தது. 1955இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோயன் டிஎஸ் காரில், பின் சஸ்பென்ஷனைத் தாங்கிய எண்ணெயின் அழுத்தமே பின் பிரேக்கின் வலிமையை நிர்ணயித்தது. பின்னால் ஆள் ஏறினால் அழுத்தம் கூடும், பிரேக்கும் கூடும். வண்டியின் உயரம் எப்போதும் மாறாமல் காக்கப்பட்டாலும் கணக்கு பிசகவில்லை, ஏனென்றால் அது அளந்தது சுமையையே. காற்றுப் பைகளில் நிற்கும் கனரக லாரிகளும் பின்னாளில் இதே வழியைப் பின்பற்றிப் பையின் காற்றழுத்தத்தைப் பிரேக் வால்வுக்குத் தந்தன.

லீஃப் அல்லது காயில் ஸ்பிரிங்கில் நிற்கும் சிறு வண்டிக்கு அத்தகைய அழுத்தம் எதுவும் கைவசம் இல்லை. அங்கே சுமையை அறிய மலிவான வழி, பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பது. சுமை ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், தூரம் குறையும். ஐரோப்பியச் சமூகம் 1971இல் வெளியிட்ட பிரேக் நெறிமுறை, அச்சுகளுக்கிடையே பிரேக் எப்படிப் பகிரப்பட வேண்டும் என்பதை வரையறுத்தது. அதன் பின் சரக்கு வண்டிகளில் இவ்வகை வால்வுகள் பரவலாயின. 1980களில் டொயோட்டா ஹைலக்ஸ், லேண்ட் க்ரூஸர் உள்ளிட்ட ஜப்பானிய வண்டிகளின் பின்புறச் சேஸிஸிலும் அவை இடம்பிடித்தன. மெக்கானிக்குகள் அதை எல்எஸ்பிவி என்று அழைத்தனர்.

அதன் அமைப்பு சிக்கலற்றது. வால்வின் உடல் சேஸிஸில் பூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து நீளும் ஸ்பிரிங் கம்பியின் மறுமுனை, ஒரு சிறு இணைப்புத் தண்டின் வழியே பின் அச்சோடு சேரும். மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் போகும். குறிப்பிட்ட அழுத்தத்தை எட்டியதும் வால்வினுள் உள்ள பிஸ்டன் நகர்ந்து பின் பக்கத்தைக் கட்டுப்படுத்தும். அதற்கு மேல் முன் அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் அதன் ஒரு பங்கே பின்னுக்குக் கிடைக்கும். கட்டுப்பாடு தொடங்கும் அந்த இடத்தைத் தீர்மானிப்பது கம்பியின் தள்ளுவிசை. பின்புறம் தாழ்ந்தால் கம்பி அதிகம் வளைந்து பிஸ்டனை வலுவாகத் தாங்கும். கட்டுப்பாடு தாமதமாகத் தொடங்கும். பின் பிரேக் கூடும். பின்புறம் எழும்பினால் எல்லாம் எதிராக நடக்கும். டொயோட்டாவின் வால்வில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. முன் பிரேக் பாதை பழுதாகி அழுத்தம் இழந்தால், கட்டுப்பாட்டைத் தாண்டி முழு அழுத்தத்தையும் பின் சக்கரங்களுக்கு அது விட்டுவிடும்.

அமுக்கத்தின் அளவும் எடையின் அளவும் ஒன்றுக்கொன்று மாறாத தொடர்பில் இருக்கும் என்பதே இந்த வால்வின் அடிப்படை. தொழிற்சாலை பொருத்திய ஸ்பிரிங் இருக்கும் வரை அது உண்மை.

உயர்த்திக் கட்டும் பழக்கம்

1960இல் வந்த 40 வரிசை லேண்ட் க்ரூஸரும் 1980இல் வந்த 60 வரிசையும் முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்கில் நின்றன. 1990இல் வந்த 80 வரிசை நான்கு சக்கரங்களிலும் காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது. நிஸ்ஸான் பேட்ரோல் அதற்குச் சற்று முன்பே மாறியிருந்தது. காயில் ஸ்பிரிங் சொகுசைத் தந்தது. ஆனால் சுமை ஏறியதும் பின்புறம் தாழ்ந்து வண்டி குந்திக்கொண்டது.

சுமையோ பெரிதாகிக்கொண்டே போனது. ஹால்ஸ் கிரீக்குக்கும் விலூனாவுக்கும் இடையே சுமார் 1,850 கி.மீ. நீளும் கேனிங் மாட்டுத்தடம் போன்ற பாதைகளில் எரிபொருளும் தண்ணீரும் கையோடு கொண்டுபோக வேண்டியவை. கூடுதல் டேங்கில் 180 லிட்டர் டீசல் என்றாலே 150 கிலோ. தண்ணீர் 80 லிட்டர், குளிர்பெட்டி, கருவிகள், கூரையில் கூடாரம், பின் பம்பரில் இரண்டு உபரிச் சக்கரங்கள் என்று பட்டியல் நீளும். பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் எடை நெம்புகோலாகவும் வேலை செய்கிறது. 80 வரிசையின் அச்சிடைத் தூரம் 2,850 மி.மீ. பின் அச்சுக்கு 1,200 மி.மீ. பின்னால் 100 கிலோ தொங்கினால், பின் அச்சின் மீது 142 கிலோ ஏறும். முன் அச்சிலிருந்து 42 கிலோ குறையும்.

இதற்கு விடையாக 1970களிலிருந்து மெல்பேர்ன், சிட்னி, பெர்த் போன்ற நகரங்களில் தனித் தொழில் ஒன்று வளர்ந்தது. 1975இல் மெல்பேர்னில் டோனி பிரவுன் தொடங்கிய ஏஆர்பி நிறுவனம் அத்தொழிலில் பெரிதாக வளர்ந்தது. லீஃப் அடுக்கில் கூடுதல் பட்டை சேர்ப்பது, நீண்ட ஷாக்கிள் மாட்டுவது, அச்சுக்கு மேலே லீஃபைத் தூக்கி வைப்பது, தடித்து உயர்ந்த காயில் பொருத்துவது, காயிலுக்குள் காற்றுப் பை செருகுவது எனப் பல வழிகள் புழங்கின. பள்ளத்தில் அடி தட்டாமல் இருக்கவும், பெரிய டயர் இடிக்காமல் சுழலவும், சுமையோடு வண்டி சமமாக நிற்கவும் 50 மி.மீ. உயர்த்துவது வழக்கமான அளவாயிற்று.

இதில் வால்வின் நிலை என்ன ஆனது? தொழிற்சாலை ஸ்பிரிங்கில் முழுச் சுமைக்குப் பின்புறம் 80 மி.மீ. தாழ்வதாகக் கொள்வோம். புதிய ஸ்பிரிங் வண்டியை 50 மி.மீ. உயர்த்துகிறது, கடினமானதால் அதே சுமைக்கு 40 மி.மீ. மட்டுமே தாழ்கிறது. முழுச் சுமையோடு நிற்கும் வண்டி, மாற்றத்துக்கு முன் காலியாக நின்ற உயரத்தைவிட இன்னும் 10 மி.மீ. மேலே இருக்கும். வால்வின் கணக்கில் அந்த வண்டி காலியிலும் காலி. பின் பிரேக் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அது மிகக் குறைவாகத் தரும்.

காற்றுப் பை இதைவிட ஏமாற்றுவது. காற்றடித்துப் பின்புறத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்ததும் ஓட்டுநருக்கு வண்டி சரியாகிவிட்டதாகத் தோன்றும். அச்சின் மீதுள்ள எடையில் ஒரு கிலோவும் குறைந்திருக்காது. கேரவன் இழுப்போர் மாட்டும் எடைப் பகிர்வுக் கொக்கி வேறு வகை. அது பின் அச்சின் சுமையில் ஒரு பகுதியை உண்மையாகவே முன் அச்சுக்கும் கேரவனின் அச்சுக்கும் மாற்றுவதால், அதனால் பின்புறம் எழும்பினாலும் வால்வின் கணக்கு அவ்வளவு தவறுவதில்லை.

எண்களில் விளைவு

வண்டியை உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் உயரும், அதனால் பிரேக் பிடிக்கும்போது முன்னால் மாறும் எடையும் கூடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். உண்மைதான், ஆனால் அதன் பங்கு சிறிது. 2,850 மி.மீ. அச்சிடைத் தூரமுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். காலியாக 2,200 கிலோ. அதில் பின் அச்சில் 1,050. சுமையோடு 3,000 கிலோ. பின் அச்சில் 1,800. புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு வேகத்தணிப்போடு பிரேக் பிடிக்கப்படுகிறது.

காலி வண்டியின் ஈர்ப்பு மையம் 750 மி.மீ. உயரத்தில் இருந்தால் முன்னால் மாறும் எடை சுமார் 405 கிலோ. பின் அச்சில் மிஞ்சுவது 645 கிலோ, அதாவது மொத்தத்தில் 29 சதவீதம். சுமை ஏற்றிய வண்டியில் ஈர்ப்பு மையம் 800 மி.மீ. என்றால் மாறுவது சுமார் 590 கிலோ. பின்னால் மிஞ்சுவது 1,210 கிலோ, அதாவது 40 சதவீதம். பின் சக்கரங்கள் ஏற்க வேண்டிய பிரேக் விசை 450 கிலோவிலிருந்து 850 கிலோவுக்கு, ஏறத்தாழ இரு மடங்காகிறது. இதே சுமை வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால், முன்னால் மாறும் எடை 37 கிலோ மட்டுமே கூடும். பின் அச்சின் பங்கு 40இலிருந்து 39 சதவீதமாகக் குறையும், அவ்வளவே.

ஆனால் வால்வு ஏமாந்து காலி வண்டிக்கான 450 கிலோ விசையையே பின்னால் தந்தால், மொத்தம் வேண்டிய 2,100 கிலோவில் 1,650 முன் சக்கரங்களின் தலையில் விழும். அப்போது முன் அச்சின் மீதுள்ள எடை சுமார் 1,790 கிலோ. அந்த விசையைத் தாங்க உராய்வுக் குணகம் 0.92 வேண்டும். தார்ச்சாலையிலேயே சாதாரண டயருக்கு அது எளிதில் கிடைக்காது. சரளையில் கிடைக்கவே கிடைக்காது. முன் சக்கரங்கள் முன்கூட்டியே பூட்டிக்கொள்ளும், நிற்கும் தூரம் நீளும். கட்டுப்பாட்டுக்குப் பிறகும் பின் அழுத்தம் ஓரளவு ஏறுவதால் நடைமுறையில் நிலைமை இதைவிடச் சற்று மேல், போக்கு மாறாது.

அன்றாட ஓட்டத்தில் இதன் அறிகுறிகள் அவசர நிறுத்தத்துக்கு முன்பே தெரியும். முன் பேடுகள் சீக்கிரம் தேயும், பின் லைனிங் புதிதுபோல் இருக்கும். பிரேக் பிடித்ததும் மூக்கு அளவுக்கு மீறிக் குனியும். கிரேட் டிவைடிங் மலைத்தொடரின் நீண்ட இறக்கங்களில் முன் டிஸ்க் மட்டும் சூடேறிப் பிடிப்பு மங்கும்.

சஸ்பென்ஷன் மாற்றத்தின் பிற விளைவுகளும் பின் பிரேக்கைத் தொட்டன. அச்சுக்கும் லீஃபுக்கும் இடையே கட்டை வைத்து உயர்த்திய வண்டிகளில், பிரேக் முறுக்கு லீஃபை எஸ் வடிவில் வளைத்துவிடும். பின் அச்சு துள்ளத் தொடங்கும். காயில் வண்டிகளில் பின் அச்சை இழுத்துப் பிடிக்கும் கைகளின் சாய்வு கூடினால், கடும் பிரேக்கில் அதே துள்ளல் வரும். நீளம் போதாத பிரேக் குழாய், அச்சு முழுவதும் தொங்கும்போது விறைத்து இழுபடும். 265/75 அளவு டயருக்குப் பதில் 285/75 மாட்டினால் விட்டம் சுமார் 4 சதவீதம் கூடும். நான்கு சக்கரங்களிலும் பிரேக் விசை அதே அளவு குறையும்.

பட்டறைகள் கண்ட வழிகள்

முதலில் பரவியவை முரட்டு வைத்தியங்கள். சிலர் வால்வின் கையைக் கம்பியால் மேலே தூக்கிக் கட்டினர். சிலர் வால்வையே எடுத்துவிட்டுக் குழாயை நேராக இணைத்தனர். சுமையோடு பிரேக் நன்றாகப் பிடித்தது. சுமையை இறக்கிய பிறகு, மழை பெய்த சாலையில் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வால்வு எந்த ஆபத்தைத் தடுக்க வந்ததோ அதே ஆபத்து திரும்பியது. எழுபதாயிரம், ஒரு லட்சம் கி.மீ. ஓடித் தொய்ந்த ஸ்பிரிங்குள்ள வண்டியிலும் இதே கோளாறு மெல்ல வருவதுண்டு. காலியாகவே தாழ்ந்து நிற்கும் வண்டியைச் சுமையுள்ளதாக வால்வு எடுத்துக்கொள்ளும்.

முறையான வழி, உயர்த்திய அளவுக்கு ஈடாக இணைப்புத் தண்டின் அச்சுப் பக்க முனையையும் உயர்த்துவது. 50 மி.மீ. உயர்த்திய வண்டிக்கு அதே உயரமுள்ள ஒரு சிறு இரும்புத் தாங்கி போதும். இவை உயர்த்தும் கிட்டுகளோடு சேர்ந்தே விற்பனைக்கு வந்தன. ஆயினும் தாங்கி தொடக்க உயரத்தை மட்டுமே திருத்தும். கடினமான ஸ்பிரிங் 80 மி.மீ.க்குப் பதில் 40 மி.மீ. தாழும் வேறுபாடு அப்படியே இருக்கும். சுமை முழுதாக ஏறினாலும் வால்வு அதில் பாதியைத்தான் காணும். அதனால் தயாரிப்பாளரின் பழுதுபார்ப்பு நூல்கள் சொன்ன முறையே நம்பகமானது. பின் அச்சில் குறிப்பிட்ட எடையை ஏற்றி, முன் பின் குழாய்களில் அழுத்தமானிகளை மாட்டி, முன் அழுத்தத்துக்கு உரிய பின் அழுத்தம் வரும்வரை தண்டின் நீளத்தைத் திருத்துவது அது. பிரேக்கிலிருந்து காற்று வெளியேற்றும்போதும் கவனம் தேவைப்பட்டது. வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பின் அச்சைத் தொங்கவிட்டால் வால்வு இறுகிக்கொள்ளும். வால்விலேயே உள்ள காற்றுத் திருகைக் கவனியாமல் விட்டவர்களின் பிரேக் மிதி மெத்தென்றே இருந்தது.

சட்டமும் மின்னணுவும்

ஆஸ்திரேலிய வடிவமைப்பு விதிகளில் பயணிகள் வண்டிகளின் பிரேக்குக்கு 31ஆம் விதியும், சரக்கு வண்டிகளுக்கு 35ஆம் விதியும் உண்டு. பதிவான வண்டியில் செய்யும் மாற்றங்களை மாநிலங்கள் கவனிக்கின்றன. அவற்றுக்குப் பொது அடிப்படையாக 2006இல் விஎஸ்பி 14 எனும் தேசிய நடைமுறை நெறி வந்தது. உயர்த்தும் அளவு 50 மி.மீ.யைத் தாண்டினால் பொறியாளர் சான்று வேண்டும் என்ற எல்லை இதன் வழியே பழக்கத்துக்கு வந்தது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை உயர்த்துவோருக்கு, கூடிய எடையிலும் பிரேக் விதியை நிறைவு செய்வதாகக் காட்ட வேண்டிய பொறுப்பு சேர்ந்தது. ஸ்பிரிங் மாற்றம் வேறு, பிரேக் வேறு என்று பார்த்த பட்டறை வழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி வைத்தது.

இதற்கிடையே வால்வின் வேலையே வேறு கைக்கு மாறத் தொடங்கியது. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் கார்களில் விற்பனைக்கு வந்தது. 1990களில் அதன்மேல் மின்னணு பிரேக் பகிர்வு சேர்ந்தது. சக்கர வேகத்தை அளக்கும் உணரிகள், பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட எவ்வளவு நழுவுகிறது என்று நேராகவே பார்க்கின்றன. நழுவல் கூடும் வரை பின் அழுத்தத்தை அனுமதிக்கின்றன. உயரத்தை வைத்துச் சுமையை ஊகிக்கும் தேவை அங்கே இல்லை. ஆஸ்திரேலியாவில் சரக்கு ஃபோர் வீல் டிரைவ்களுக்கு இது தாமதமாகவே வந்தது. இடைக்காலத்து மாடல்கள் சிலவற்றில் ஏபிஎஸ்ஸும் கம்பி வால்வும் ஒருசேர இருந்தன. அவற்றை உயர்த்தியவர்களுக்கு, ஏபிஎஸ் இருந்தும் பின் பிரேக் குறைந்தது. வால்வு தடுத்த அழுத்தத்தை ஏபிஎஸ்ஸால் கூட்டித் தர இயலாது, இருப்பதைக் குறைக்க மட்டுமே இயலும்.

2010களில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமானதும், புதிய வண்டிகளில் கம்பி வால்வு மறையத் தொடங்கியது. உயரத்தைச் சார்ந்த ஊகம் முழுவதும் நீங்கிவிடவில்லை. நிலைப்புக் கட்டுப்பாட்டின் மென்பொருள், தொழிற்சாலை வண்டியின் ஈர்ப்பு மைய உயரத்தையும் சஸ்பென்ஷனின் இயல்பையும் கருதியே எழுதப்பட்டது. அதனால்தான் அதிகமாக உயர்த்திய வண்டிகளுக்கு, வேகமாகத் தடம் மாறித் திரும்பும் ஓட்டச் சோதனையை விஎஸ்பி 14 நெறி கேட்கிறது. கம்பி வால்வுள்ள 60, 80 வரிசை வண்டிகளும் பழைய ஹைலக்ஸ்களும் இன்றும் அந்நாட்டுத் தடங்களில் ஓடுகின்றன. அவற்றில் ஸ்பிரிங் மாற்றும் எவருக்கும், வால்வை மறுபடி சரிசெய்வது அதே வேலையின் பகுதியாகவே நீடிக்கிறது.